மழைப் படத்தைத் தொட்டவர்

1

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் "தேறிட்டு வர்றாருங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போளூர், படவேடு பக்கம் இருக்கிற சொந்தங்களும், ஜவ்வாது மலைமேல் இருக்கிற எங்கள் ஜனங்களும் படித்துக்கொள்ளட்டும். ஒருத்தர் படித்து நாலு பேருக்குச் சொன்னால் எனக்குத் தொண்டை மிச்சம்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். கடல், கல், புல், மழை. இது போக மீதி இடத்தில்தான் மனுஷர்கள். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் வீட்டுக்காரர் அண்ணாமலை இந்த ஊரில் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தார் என்று எழுத வேண்டும். கை இன்னும் அதற்குப் பழகவில்லை.

அண்ணாமலை என்று முழுசாகச் சொல்ல இங்கே இருப்பவர்களுக்கு நாக்கு வளையாது. "அண்ணா" என்று வெட்டிவிட்டார்கள். இந்த ஊரில் அது பொம்பளைப் பேர். மீசை வைத்த அண்ணா பஸ்ஸை எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று ஸ்டாப்பில் நிற்கிற கிழவிகள் எல்லாம் கிண்டல் பண்ணுவார்கள். அவரும் விட மாட்டார், ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும் ஒரு பதில் வைத்திருப்பார். பஸ் லேட்டாகும். அப்படி ஒரு வாய் அவருக்கு.

இப்போது காலையில் அவருக்கு வேலை ஜன்னல்தான். டீ கப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வலது கை மடிமேல் கிடக்கும். வெளியே ஆடு மேய்கிற புல்வெளி, அதைச் சுற்றிக் கல்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கடல். மூடுபனி வந்துவிட்டால் முதலில் கடல் காணாமல் போகும். அப்புறம் சுவர் போகும். கடைசியில் ஆடுகள் மட்டும் கொஞ்ச நேரம் எதன்மேலும் நிற்காமல் நிற்கும். அந்த நேரத்தில் நான் நிற்பது இந்தச் சமையலறையா, மார்கழியில் எங்கள் மலையில் இருக்கிற வீட்டு வாசலா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அங்கேயும் இப்படித்தான். பனி இறங்கினால் பலா மரம் மறையும், எதிர் வீடு மறையும், மாட்டுக் கழுத்து மணி மட்டும் எங்கிருந்தோ கேட்கும்.

"இன்னாங்க, மலை மாதிரியே இல்ல?" என்று கேட்பேன். அவர் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பார்.

2

போன வருஷம் மாசியில் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக் கதையில் குரல் குழறியது. நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. நான் நர்ஸ். அந்த முகத்தை எத்தனையோ பேரிடம் பார்த்தவள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் அந்த ஒற்றை ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

உயிர் பிழைத்தது. கால் தேறியது. வலது கை தேறவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் "தண்ணி" என்றார். வார்டே சந்தோஷப்பட்டது. அப்புறம் ஒன்றிரண்டு சொல் வந்தது, எல்லாம் மலைப் பேச்சு. இருபது வருஷமாக இந்த ஊரில் வளைத்து வளைத்துப் பேசின இங்கிலீஷ் ஒரு சொல்கூட மிச்சமில்லை. முதலில் வந்த பாஷை தங்கி, பிறகு வந்தது போய்விடுவது சில பேருக்கு நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார்.

அவருக்கு அது ஒரு விஷயம். எங்கள் வீட்டுக்கு அது வேறு.

எங்களுக்கு ஒரே மகள், நிலா. இங்கேயே பிறந்தவள். டப்ளினில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் இருந்த பாஷை இங்கிலீஷ்தான். பஸ் வேலைக்காக அவர் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட காலமும் இவள் பேசப் பழகிய காலமும் ஒன்று. இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துப் பார்த்து ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். நான் நைட் டியூட்டி முடித்து வந்து தூங்குவேன், இரண்டும் கூத்தடிக்கும். தமிழில் அவளுக்குத் தெரிந்தது வா, போ, சாப்பிட்டியா, வேணாம், ஐயோ. ஐயோ மட்டும் என்னைப் போலவே சொல்வாள்.

டப்ளினிலிருந்து ஓடி வந்து கட்டில் பக்கத்தில் நின்று "டாடி" என்றாள். அவர் அவளைப் பார்த்துக் கண் கலங்கி, ஆசையோடு, "சாமை" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டாள்.

"சாமை. எங்க மலையில விளையிற ஒரு தானியம்."

"என்னைப் பார்த்தா அதைச் சொன்னார்?"

அவர் சொல்ல நினைத்தது அது இல்லை, வாய்க்கு வந்தது அது. எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

3

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு சின்னப் பெண் வருவாள். நல்ல பிள்ளை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நான் போட்டுக் கொடுக்கிற இஞ்சி டீயைக் கண்ணில் தண்ணீர் வரக் குடிப்பாள். அவளை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் டெஸ்ட். படம் காட்டிக் கேள்வி கேட்பாள், நான் தமிழில் மாற்றிச் சொல்ல வேண்டும், அவர் தொட்டுக் காட்ட வேண்டும். கண்ணால்கூட நான் ஜாடை காட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கரண்டி எது, காட்டினார். நாற்காலி எது, காட்டினார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அப்புறம் இரண்டு படத்தை வைத்தாள். ஒன்றில் கடற்கரை, பளீரென்று வெயில். இன்னொன்றில் கறுத்த மேகம், கொட்டுகிற மழை.

"எது நல்ல நாள் என்று கேளுங்கள்."

"எது நல்ல நாளு? காட்டுங்க," என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. மழைமேல் விரலை வைத்தார். டீச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"நில்லு நில்லு. எதுக்குத் தப்பு?" என்றேன்.

"நல்ல நாள் இதுதானே," என்று வெயிலைக் காட்டினாள்.

"யாருக்கு? எங்க ஊர்ல யாரை வேணும்னா கேளு. ஆடு மாட்டைக் கேளு. மழைப் படத்தைத்தான் தொடும்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் விடுவேனா? எங்கள் நிலத்துக்கு வாய்க்கால் கிடையாது, ஏரி கிடையாது, வானம் பார்த்த பூமி, மேகம் கறுத்தால்தான் எங்கள் முகம் வெளுக்கும் என்று பாடம் எடுத்தேன். எங்கள் மலையில் மேகம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற அந்த வெள்ளைக் கூண்டுக்காரர்கள் மட்டும்தான், அவர்களும் பிழைப்புக்காகச் சொல்கிறார்கள் என்றேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெல்ல, "எல்லாருக்கும் ஒரே டெஸ்ட்தான். என்னால் மாற்ற முடியாது," என்றாள்.

ஒரு மார்க்குக்காகக் கால் மணி நேரம் மல்லுக்கு நின்றேன். எதற்கென்று இப்போது தெரிகிறது. ஒரு மார்க் கூடினால் அந்த அளவுக்கு அவர் திரும்பி வந்துவிடுவார் என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை. அவர் எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. விரல் மழைமேலேயே இருந்தது.

4

அந்த வருஷம் முழுக்க நான் யாரோடு சண்டை போடவில்லை என்று கேட்டால் சொல்வது சுலபம்.

வேலைக்குப் போக முடியாதவர்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகை விஷயமாக ஓர் அரசு அலுவலகத்திலிருந்து போன். என் வீட்டுக்காரர் சார்பில் நான் பேசலாம் என்று அவரே தன் வாயால் அனுமதி சொல்ல வேண்டுமாம். "அவருக்குப் பேச்சு வராதுங்க, அதுக்காகத்தான் நான் பேசறேன்," என்றேன். "புரிகிறது, அதை அவர் சொன்னால் போதும்," என்றாள் அந்த அம்மாள். நான் கத்தினேன். அவள் மரியாதை குறையாமல் அதையே திரும்பச் சொன்னாள். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது மாதிரி பேஜாரு உலகத்தில் கிடையாது. கடைசியில் போனிலேயே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் "தாங்கள் இப்போது எவ்வாறு உணர்கிறீர்கள் ஐயா?" என்று கணீரென்று கேட்டார். ரேடியோவில் செய்தி சொல்கிறார்கள் என்று நினைத்து இவர் போனைக் காதில் வைத்துப் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. டீச்சர் கொடுத்த படச் சீட்டுகளை வைத்துச் சாயங்காலம் தினமும் பாடம். "இது இன்னா? சொல்லுங்க. க... கப்... சொல்லுங்க." அவர் நெற்றி வேர்க்கும். வராது. நான் குரலை உயர்த்துவேன். இன்னும் வராது. ஒரு நாள் அரிசி டிரம்மில் கையை விட்டால் உள்ளே கரண்டிப் படம். இன்னொரு நாள் கோதுமை மாவுக்குள் குடையும் நாற்காலியும். ஒளித்து வைத்துவிட்டு ஒன்றுமே தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாவை உதறிவிட்டு அதே சீட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

நிலா வாரா வாரம் வந்துகொண்டிருந்தவள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தாள். அப்புறம் மாதம் ஒரு தடவை. பரீட்சை என்றாள், காய்ச்சல் என்றாள், டிரெயின் ஓடவில்லை என்றாள். வந்தாலும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு டிவி பார்ப்பாள். டிவியை அணைத்தால் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நான் நடுவில் நின்று இவர் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவருக்கும் மாற்றிக்கொண்டிருப்பேன். மாற்றுவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இருக்காது. இந்தப் பிள்ளைக்கு அப்பா இருக்கும்போதே இல்லாமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

5

மலையேறினால் பேச்சு வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. டிசம்பரில் நிலாவுக்கு லீவு விட்டதும் மூன்று பேரும் கிளம்பினோம். போளூரைத் தாண்டி வளைவில் ஏற ஆரம்பித்ததும் அவர் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் இடது கை ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி மடிமேல் தானாகத் திரும்பியது. நிலா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காவலூருக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். அவருடைய தம்பி முருகேசனும் தம்பி பெண்டாட்டி பச்சையம்மாவும்தான் நிலத்தைப் பார்க்கிறார்கள். இறங்கினதும் பச்சையம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாக்கா, நீ தான் இளைச்சிப் போய்க்கீற. மாமா நல்லாத்தான் இருக்காரு," என்றாள்.

சேதி தெரிந்து ஊர் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவர் முன்னால் குந்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இன்னாண்ணா, நான் யாரு? பேரு சொல்லு பாப்போம்."

அவர் சிரிப்பார். யாரென்று தெரிகிறது என்பது அந்தச் சிரிப்பிலேயே இருக்கும். பேர் வராது. கேட்டவர் என் பக்கம் திரும்பி உச்சுக் கொட்டுவார். அயர்லாந்தில் ஒரு டீச்சர்தான் டெஸ்ட் வைத்தாள், இங்கே ஊரே வைத்தது. போதாததற்கு நானும் பின்னால் நின்றுகொண்டு, "உங்க கூடப் படிச்சாரே, மு... முனு... சொல்லுங்க," என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நிலா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, நிறுத்து. நீ இன்னும் பழைய அப்பாவுக்காகக் காத்திருக்கிறாய். அது அவருக்குத் தெரிகிறது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பெரிய மனுஷி. வூட்டுக்கு மாசம் ஒரு தடவ வர்றவ எனக்குச் சொல்றியா?" என்றேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

"வந்து என்ன செய்ய? அவருக்குத் தெரிந்த பாஷை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த பாஷை அவருக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால், நான் பேசுவது புரியவில்லை என்று அவர் முகம் வாடுகிறது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை."

சொல்லிவிட்டு அழுதாள். முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

6

மறுநாள் சாமை தூற்றினார்கள்.

எங்கள் நிலத்துக்கு நடுவில் ஒரு பெரிய பாறை படுத்திருக்கிறது. அதை உடைக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. அதைச் சுற்றித்தான் ஏர் ஓட்டுவார்கள், அறுப்பு முடிந்தால் அதன்மேல்தான் களம். சாணி போட்டு மெழுகி, கதிரைப் பரப்பி, மாடு கட்டி மிதிக்க விடுவார்கள். அப்புறம் வைக்கோலை உதறி எடுத்துவிட்டு, காற்றுப் பார்த்து முறத்தால் தூற்றுவார்கள். பதரும் தூசியுமான பொட்டு காற்றில் போகும், மணி காலடியில் விழும்.

இதில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. தூற்ற ஆரம்பித்ததிலிருந்து தானியத்தைக் குவித்து மூடுகிற வரைக்கும் களத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் ஜாடைதான். எதற்கு என்று நிலா கேட்கச் சொன்னாள், கேட்டேன். "பேச்சோட பேச்சா தானியமும் போய்டும் அண்ணி," என்றான் முருகேசன். "பேசினா வாயில பொட்டு போவும், வேற இன்னா," என்றாள் பச்சையம்மா.

அவரைப் புளிய மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். மாட்டை அவிழ்த்துவிட்டு எல்லாரும் வாயை மூடின நேரத்தில் அவர் எழுந்தார். பாறை ஓரத்தில் செருப்பைக் கழற்றினார். ஏறினார். நான் பிடிக்க ஓடினேன், பச்சையம்மா என் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

இடது கையால் ஒரு பிடி பொட்டை அள்ளி மெல்ல விட்டார். அது போகிற பக்கத்தைப் பார்த்தார். முருகேசனைப் பார்த்து இரண்டு விரலை அசைத்தார். முருகேசன் ஒரு பேச்சு இல்லாமல் நாலடி தள்ளி நின்றான். பச்சையம்மாவுக்குப் புருவத்தால் ஒரு ஜாடை. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். பஸ்ஸுக்குப் போகிறதுக்கு முன்னால் அவர் வளர்ந்ததே இந்தப் பாறைமேல்தான். அந்த ஜாடைகள் எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றுகூடப் போகவில்லை.

அப்புறம் நிலாவைக் கூப்பிட்டார், உள்ளங்கையை மடக்கி. அவள் கையில் ஒரு முறத்தைக் கொடுத்தார். ஹோட்டலில் தட்டு ஏந்துகிற மாதிரி அதைப் பிடித்தாள். அவர் அவள் பின்னால் நின்று, இடது கையை அவள் கைமேல் வைத்து உயர்த்தினார், சாய்த்தார், லேசாக உதறினார். பொட்டு மஞ்சளாகப் பறந்தது. மணி சரசரவென்று விழுந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். இன்னொரு தடவை. காற்று நின்றால் இரண்டு பேரும் முறத்தைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். வந்தால் உயர்த்துவார்கள். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. வெயில் மங்கி, பொட்டு மிதந்து, ஒரு குரலும் இல்லாமல், கனவில் பார்க்கிற மாதிரி இருந்தது. பேச்சு போனவர் யார், தமிழ் தெரியாதவள் யார் என்று அந்தக் களத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் அழுகையையும் அடக்கிக்கொண்டேன்.

குவியல் சேருகிற நேரம் காவலூர் பக்கம் கறுத்தது. தூரத்தில் தெரிந்த வெள்ளைக் கூண்டு மறைந்தது. முருகேசன் வானத்தைக் காட்டினான். பச்சையம்மா தார்ப்பாயை இழுத்தாள். யாரும் சத்தம் போடவில்லை, கை காலெல்லாம் பறந்தது. பாறைமேல் முதல் சொட்டு படாரென்று விழுந்தது.

"ஐயோ மழை! மூடுங்க, மூடுங்க!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் சிலையாக நின்று என்னைப் பார்த்தார்கள். பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. அவர் சிரித்தார். மாசிக்கு அப்புறம் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பஸ் ஸ்டாப்புக் கிழவிகளோடு சிரிப்பாரே, அதே சிரிப்பு.

மழை கொட்டிவிட்டது. பாதிக் குவியலை மூடினோம், பாதி நனைந்தது. காற்றில் தார்ப்பாய் தூக்கியது. அவர் போய் ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், பாரத்துக்கு. நிலா எதிர் மூலையில் போய் உட்கார்ந்தாள். முருகேசனும் பச்சையம்மாவும் வைக்கோலைக் காப்பாற்ற ஓடினார்கள். நான் மட்டும் நடுவில் நின்று வானத்தைத் திட்டினேன், தானியத்தைப் பார்த்து அழுதேன், அவரைப் பார்த்து, "எழுந்து வாங்க! நனைஞ்சா ஜுரம் வரும், எழுந்திருங்க!" என்று கத்தினேன்.

அவர் நனைந்த மீசையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வுடுமே," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பேயட்டும்."

அவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் அதற்கு முன்னால் வரவில்லை. "என்ன சொன்னார்?" என்று நிலா மழைக்கு மேலே கத்தினாள். பெய்யட்டும், விடு என்கிறார் என்று சொன்னேன். அவள் அதை நாக்கில் புரட்டிப் பார்த்து, "பேயட்டும்," என்றாள். அயர்லாந்து வாசனையோடு. அவர் அவள் பக்கம் திரும்பி, "பேயட்டும்," என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். இரண்டும் கார்ட்டூன் பார்த்த காலத்து மாதிரி மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தன.

நான் போய் மூன்றாவது மூலையில் உட்கார்ந்தேன். தார்ப்பாய்க்கு அடியில் காப்பாற்றின பாதி. வெளியே நனைகிற பாதி. எனக்கு எதிரே, கை விளங்காமல், சொல் வராமல், மழையில் சிரித்துக்கொண்டு என் புருஷன். அவருக்குப் பின்னாலிருந்து வேறு ஒரு அண்ணாமலை வரப்போவதில்லை. இவர்தான். அது மனசில் ஏறினதும் அத்தனை மாசமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கையைவிட்டுப் போனது. ஓவென்று அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

நனைந்ததை மறுநாள் வெயிலில் காய வைத்தார்கள். கொஞ்சம் தேறியது, கொஞ்சம் கறுத்துக் கோழிக்குப் போனது. "நீ வாயத் தொறந்த பாரு, அதான் பாதி போச்சி," என்று கிளம்புகிற வரைக்கும் பச்சையம்மா என்னை விடவில்லை.

7

திரும்பி வந்து அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. வலது கை அப்படியேதான் இருக்கிறது. இனி பஸ் இல்லை என்று உறுதியாகிவிட்டது. கை ஜாடையையும் சேர்த்துக்கொண்டால் அவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு சொல் இருக்கிறது. எனக்குக் கோபம் இன்னும் வருகிறது, போன வாரம்கூட ஒரு பாத்திரம் பறந்தது. ஆனால் சாயங்காலப் பாடம் கிடையாது. படச் சீட்டுகளை மாவைத் துடைத்து டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

வருஷம் முடிகிறதென்று டீச்சர் அதே டெஸ்ட்டை மறுபடி வைத்தாள். வெயில் படம், மழைப் படம். எது நல்ல நாள்? அவர் மழையைத் தொட்டார். டீச்சர் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயத்தோடு என்னைப் பார்த்தாள்.

"தப்புன்னு போட்டுக்கம்மா," என்றேன். "டீ ஆறுது, குடி."

இப்போது நிலா தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுகிறாள். "அப்பா, மழையா?" என்று கேட்பாள். அவர் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, "பேயுது," என்பார். "இங்கயும் பேயுது," என்பாள். பேச்சு அவ்வளவுதான். ஆனால் போனை வைக்க மாட்டார்கள். அவள் அங்கே தன் பாட்டுக்குப் படிப்பாள், இவர் இங்கே தன் பாட்டுக்கு ஆடுகளைப் பார்ப்பார். நடுநடுவே ஒருத்தரை ஒருத்தர் நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

நேற்று அப்படி இருந்தபோது நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். கொடியில் துவைத்த துணி முழுக்கக் கிடந்தது, மழை பிடித்துக்கொண்டுவிட்டது. "ஐயோ, துணி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பாமலே இடது கையை உயர்த்தினார், களத்தில் ஜாடை காட்டின மாதிரி. போனுக்குள்ளே நிலாவும் வாய்மேல் விரலை வைத்துச் சிரித்தாள்.

வாயை மூடிக்கொண்டேன். துணி நனைந்துகொண்டிருந்தது. நனையட்டும் என்று அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.